கடையில் நிற்பவனுக்குப் புத்தகம் எதற்கு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பசியாறிவிட்டு மாணவர்களின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். எங்கள் தோட்டத்துக்காரர்தான். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. அவருடைய மகன் என்னிடம் படித்தவன். எஸ்.பி.எம். எழுதினான், மேலே படிக்க வழி அமையவில்லை. இப்போது பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறான். சாமான் அடுக்குவான், விலைச்சீட்டு ஒட்டுவான், ஆள் குறைந்த நேரத்தில் கல்லாவில் நிற்பான்.

"உட்காருங்க அம்மா" என்றேன். அவர் உட்காரவில்லை.

"வாத்தியாரையா, நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். ராத்திரி பதினோரு மணிக்கு வேலை விட்டு வர்றான். சாப்பிட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானே? புஸ்தகத்தை விரிச்சிக்கிட்டு உட்கார்ந்துடறான். ஒரு மணி வரைக்கும் லைட்டு எரியுது. பரீட்சையா எழுதப் போறான்? கதைப் புஸ்தகம் ஒண்ணு, தத்துவம்னு இன்னொண்ணு. கடையில சார்டின் டின் அடுக்கறவனுக்குப் புஸ்தகம் எதுக்குங்கய்யா? எங்கண்ணன்கூடக் கேலி பண்றாரு. எனக்கு பயமா இருக்கு, வேலையை விட்டுட்டு சாமியாராப் போயிடுவானோன்னு."

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் அந்தக் கேள்வியை அவர் மனத்தில் விதைத்தவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளாகப் பெற்றோர் கூட்டங்களில் நான் என்ன பேசி வந்திருக்கிறேன்? "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். படித்தால் காட்டு வேலைக்குப் போக வேண்டாம், கடையில் எடுபிடியாக நிற்க வேண்டாம்" என்றுதானே? அப்படியானால், கடைக்குப் போய்விட்ட பிள்ளையின் படிப்பு தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? உதவாமல் போன ஒன்றை இன்னும் ஏன் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று பெற்ற தாய் கேட்கிறார். அவர் மேல் தவறில்லை. படிப்பை ஓர் ஏணி என்று மட்டுமே சொல்லிக் கொடுத்த எங்கள் மேல்தான் தவறு.

"ஒரு வாரம் பொறுங்க அம்மா. நான் அவனைப் பார்த்துப் பேசறேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு நோட்டுத் திருத்த மனம் ஓடவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கடையில் நின்ற காலம் நினைவுக்கு வந்தது.

ஜவுளிக்கடையில் நான்

வாசகர்களில் பலருக்கு நான் ஆசிரியராக மட்டுமே தெரியும். பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் கெடா மாநிலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தேன். சேர்ந்த ஆண்டு 1997. நாட்டில் பணத்தின் மதிப்பு சரிந்து, அதே சமயம் காட்டுத்தீப் புகை வானத்தை மூடியிருந்த ஆண்டு அது. காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் சாத்துவோம். சேலையை விரித்துக் காட்டுவது, வாடிக்கையாளர் போனதும் மடித்து அடுக்குவது, மறுபடி விரிப்பது. உட்கார நாற்காலி கிடையாது. இரவில் கால் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். ஆனால் கால் வலியைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. என்னோடு படித்த பையன்கள் கல்லூரி விடுமுறையில் தங்கள் அம்மாவோடு சேலை வாங்க வருவார்கள். என்னைப் பார்த்ததும், பார்க்காதது போல் பக்கத்து மேசைக்குப் போவார்கள். அதுதான் பெரிய வலி.

எங்கள் கடையில் பில் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். கணக்கப்பிள்ளை என்று கூப்பிடுவோம். அவருடைய பில் புத்தகங்களுக்கு அடியில் எப்போதும் ஒரு கதைப் புத்தகம் இருக்கும். வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு நாள், நான் சும்மா நிற்பதைப் பார்த்து, கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தார். "இவரு நம்ம ஊர்ல இருந்தவருதாம்பா" என்றார். உண்மைதான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்தில் பிறந்த அழகிரிசாமி, 1950களில் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். இங்கே எழுதப் பழகிய இளைஞர்களுக்கு வழிகாட்டியவர். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேனே தவிர, உடனே படிக்கவில்லை.

அது தீபாவளி நேரம். ஒரு நாள் மாலை கடையில் நிற்க இடமில்லை. அப்போது ஓர் அம்மாள் வந்தார். வெட்டு முடித்து நேரே வந்திருக்க வேண்டும்; சேலையில் கித்தாப்பால் வாடை போகவில்லை. ஒன்று காட்டு, இன்னொன்று காட்டு என்று பன்னிரண்டு சேலைகளை விரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் ஓரத்தையும் இரண்டு விரலால் தடவிப் பார்த்தார், விலையைக் கேட்டார், தள்ளி வைத்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "வாங்கற எண்ணம் இருந்தா சொல்லுங்க, எடுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "விலை தெரிஞ்சுக்கலாம்னுதான் தம்பி வந்தேன். சம்பளம் போட்டதும் வர்றேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் கணக்கப்பிள்ளை கொடுத்த புத்தகத்தைத் திறந்தேன். அதில் 'ராஜா வந்திருக்கிறார்' என்றொரு கதை. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு. ஏழைத் தாய் ஒருத்தி எப்படியோ பாடுபட்டுப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேருகிறான். உடம்பெல்லாம் சிரங்கு. அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை அவனுக்கு உடுத்தி விடுகிறாள். அந்தச் சிறுவனின் பெயர்தான் ராஜா. பெரிய சம்பவம் ஒன்றும் கதையில் இல்லை. ஒரு துண்டுத் துணி ஓர் ஏழை வீட்டில் எவ்வளவு பெரிய பொருள் என்பது மட்டும் இருக்கிறது.

படித்து முடித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பால்வெட்டுக்காரியின் மகன். என் அம்மாவும் அப்படித்தான் சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார், விலை கேட்பார், வைத்துவிடுவார், பிறகு எங்களுக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு வருவார். என் கண் முன்னால் வந்து நின்றது என் தாய்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு சேலையை மறுபடி மடிக்க வேண்டுமே என்பதுதான்.

சம்பளம் போட்டதும் அந்த அம்மாள் வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறு கடைக்குப் போயிருப்பார். அல்லது அந்தத் தீபாவளிக்குச் சேலையே வாங்காமல் இருந்திருப்பார். என் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வந்த எவரையும் நான் அப்படிப் பேசியதில்லை. இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நான் கற்கவில்லை. கடை முதலாளியும் கற்றுத் தரவில்லை. ஒரு கதை கற்றுத் தந்தது.

கீரைக்கு ஒரு விலை

கதை இருக்கட்டும், தத்துவம் எதற்கு என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன்.

பினாங்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு வெள்ளிக்கு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எபிக்டீடஸ் என்ற கிரேக்க ஞானியின் போதனைகளை அவருடைய மாணவர் ஆரியன் தொகுத்த கையேடு அது. மொத்தம் ஐம்பத்து மூன்றே சிறு பகுதிகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஒரு பகுதி படித்தேன். எழுதியவரின் ஞானத்தைவிட அவருடைய வாழ்க்கைதான் முதலில் என்னை இழுத்தது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர், அரண்மனையில் பிறந்தவர் அல்லர், ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். விடுதலை பெற்ற பிறகுதான் ஆசிரியரானார். பன்னிரண்டு மணி நேரம் நிற்பவனுக்குச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும் என்று தோன்றியது.

இருந்தது. உலகில் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை என்று தொடங்குகிறார். நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு, முயற்சி இவை நம் கையில். பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நமக்கு என்ன பதவி கிடைக்கிறது என்பவை நம் கையில் இல்லை. என்னைப் பார்க்காதது போல் போன பள்ளித் தோழர்களை இதற்குப் பிறகு நான் வேறு விதமாகப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர்கள் காரியம். நான் வெட்கப்பட வேண்டுமா என்பது என் காரியம்.

இன்னொரு பகுதியில் சந்தைக் கதையையே சொல்கிறார். கீரைக்கு ஒரு காசு விலை. ஒருவன் காசைக் கொடுத்துக் கீரையை வாங்கிப் போகிறான். நீ காசும் கொடுக்கவில்லை, கீரையும் வாங்கவில்லை. அவனைவிட நீ குறைந்துவிட்டாயா? அவனிடம் கீரை இருக்கிறது, உன்னிடம் காசு இருக்கிறது. அதுபோலப் பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கும் ஒரு விலை உண்டு. முகத்துதிதான் அந்த விலை. அதைக் கொடுக்காதவன் விருந்து கிடைக்கவில்லையே என்று வருந்தக் கூடாது என்கிறார். எங்கள் கடையில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவன், முதலாளி போகும் இடமெல்லாம் கூடவே போய், அவர் சிரித்தால் தானும் சிரித்து, மூன்றே மாதத்தில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். வயிற்றெரிச்சலோடு இருந்த எனக்கு இந்தக் கீரைக் கதை மருந்தாக வந்தது. அவன் கொடுத்த விலையை நான் கொடுக்கவில்லை. என் காசு என்னிடமே இருக்கிறது.

ஆனால் வாசகர்களே, இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பண்டிகைக் காலத்தில் நாங்கள் இரவு பதினோரு மணி வரை நின்றோம். அதற்குரிய கூடுதல் சம்பளத்தை முதலாளி தரவில்லை. "இது என் கையில் இல்லாத காரியம்" என்று எனக்கு நானே தத்துவம் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். வீட்டில் அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா எபிக்டீடஸைக் கேள்விப்பட்டதே இல்லை. 1954இல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டியவர், அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "குடுக்கறது அவரு கையில. கேக்கறது யாரு கையிலடா? நீ கேட்டுப் பார்த்தியா?"

நான் கேட்கவே இல்லை. மறு வாரம் நான்கு பேராகப் போய்க் கேட்டோம். பாதிப் பணம் கிடைத்தது, மீதி கிடைக்கவில்லை. என்றாலும், அந்தப் புத்தகத்தை நான் சரியாகப் படித்தது அன்றுதான். பொறுமைக்கும் பயத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் தத்துவம் படித்தால், பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துவிடுவோம். ஆகவே கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறேன். வேலைச் சட்டப்படி 2023ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் நின்றால் சாதாரண நாளில் மணிக்கு ஒன்றரைப் பங்கு கூலி. தொடர்ந்து ஐந்து மணி நேரம் நின்றவருக்கு அரை மணி ஓய்வு உண்டு. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இவற்றைத் தெரிந்துகொள்வதும் படிப்புதான். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஊழியரும் மனிதர்தாம், அவருக்கும் கால் வலிக்கும் என்று யாரோ நினைத்துப் பார்த்ததால்தான் அது வந்தது.

அரிசி விற்றவரும் துணி விற்றவரும்

கடைக்காரனுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கும் மாமாமார்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

மணிமேகலைக் காப்பியத்தை இயற்றியவர் யார்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்தான். கூலம் என்றால் தானியம். நம் பேச்சில் சொன்னால் அரிசி, பயறு விற்ற கடைக்காரர். அவர் எழுதிய காப்பியத்தில் கதையும் உண்டு, தத்துவமும் உண்டு. பசித்தவருக்கெல்லாம் சோறு போடும் அமுதசுரபியின் கதையும் அதில்தான் வருகிறது. மணிமேகலை பல சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும் பகுதியும் அதில்தான் வருகிறது. தானியம் விற்றவருக்குப் பசியைப் பற்றி எழுத யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

அவர் ஒருவர்தானா? சங்கப் பாடல்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவர் இருக்கிறார். அறுவை என்றால் துணி. அவர் ஜவுளிக்கடைக்காரர்; என் பழைய தொழில்காரர்! முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன் வணிகர் ஒருவரின் மகன். அதே பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. அந்தக் காழகத்தைக் கடாரம் என்று உரையாசிரியர் விளக்குகிறார். கடாரம் என்பது நம்முடைய கெடாதான். திருவள்ளுவரும் வணிகரை ஒதுக்கவில்லை. பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணுவதுதான் வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். தராசைப் பற்றிய குறளும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

பழைய கதை வேண்டாம் என்றால், நம் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், 1938இல் பதினெட்டு வயதுப் பையனாகக் கப்பலேறி மேடானுக்கு வந்தார். பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் சுமத்திராவில் இருக்கும் அதே மேடான். அங்கே ஒரு தமிழரின் கடையில் வேலைக்கு அமர்ந்தார். வேலை நேரம் போக ஆங்கில நாவல்களைத் தேடிப் படித்தார். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவது நாவலான 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. மேடானும் பினாங்கும், கடைகளில் வேலை பார்த்த நம் தமிழ்ப் பையன்களும் அதில் அப்படியே நடமாடுகிறார்கள். வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று அந்தப் பையன்கள் விவாதிக்கவும் செய்கிறார்கள். அந்த நாவலுக்குப் பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. சிங்காரம் கடைசிவரை எளிமையாகவே வாழ்ந்து, சேர்த்த பணத்தை ஏழை மாணவரின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டு 1997இல் மறைந்தார்.

இதைச் சொல்வதால், புத்தகம் படிக்கும் கடைப் பையன்கள் எல்லாரும் நாவலாசிரியர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் அந்தப் பழைய ஏணியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று ஆகும். எங்கள் கணக்கப்பிள்ளை எதுவும் எழுதவில்லை. கடைசிவரை பில் போட்டார். ஆனால் நான் பார்த்த மனிதர்களில் சிறுமைப்படுத்த முடியாத மனிதர் அவர்தான். முதலாளி கத்தினாலும், வாடிக்கையாளர் கத்தினாலும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க, எங்க தப்புன்னு பார்ப்போம்" என்பார்.

பதினேழு வகைச் சவர்க்காரம்

சொன்னபடி அடுத்த சனிக்கிழமை அந்தப் பேரங்காடிக்குப் போனேன். என் பழைய மாணவன் சவர்க்கார வரிசையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வாங்க சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவனுக்கு ஓய்வு கிடைத்ததும் பின்பக்கம் தொழிலாளர் உட்காரும் இடத்தில் தேநீர் குடித்தோம். அம்மா வந்து சொன்னதைச் சொன்னேன். சிரித்தான்.

"சாமியாராகப் போகல சார். பாக்கெட்ல பணம் இல்லாதவனை எந்த மடத்துல சேர்ப்பாங்க?" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "இந்த வரிசையில மட்டும் பதினேழு வகை சவர்க்காரம் இருக்கு சார். நாள் முழுக்க இதையே பார்க்கறேன். சம்பளம் வந்தா எதையாவது வாங்கணும்னு கை துடிக்கும். போன வருஷம் தவணையில ஒரு பெரிய கைப்பேசி வாங்க இருந்தேன். அப்போதான் சாக்ரடீஸ் கதையைப் படிச்சேன்."

அந்தக் கதை எனக்கும் தெரியும். ஏதென்ஸ் நகரச் சந்தையில் குவித்து வைத்திருந்த சரக்குகளைப் பார்த்துவிட்டு, தனக்குத் தேவைப்படாத பொருள்கள்தான் எத்தனை என்று சாக்ரடீஸ் வியந்தாராம். கி.மு. 399இல் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட அந்த ஞானி, பெரும் பொழுதைச் சந்தையிலும் கடைத்தெருவிலும்தான் கழித்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

"கைப்பேசி வாங்கல சார். அந்தப் பணத்துல அம்மாவுக்கு ஒரு துணி துவைக்கிற மெஷின் வாங்கினேன். அம்மாவுக்கு இது தெரியாது, சாக்ரடீஸ் வாங்கிக் குடுத்ததுன்னு" என்றான்.

வேறென்ன கிடைத்தது என்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். "ஒரு மலாய்க்காரத் தாத்தா தினமும் வருவாரு சார். ஒரே ஒரு பால் டின் வாங்குவாரு. கல்லாவுல நின்னு பேசிக்கிட்டே இருப்பாரு. பின்னால வரிசை நிக்கும். முன்னெல்லாம் எரிச்சலா வரும். இப்போ, வீட்ல பேச ஆள் இல்லையோ, அதுக்காகத்தான் ஒவ்வொரு டின்னா வாங்கறாரோன்னு தோணுது. கதை படிச்சதாலதான்னு சொல்லத் தெரியல சார். ஆனா தோணுது."

நான் அவனுக்குப் புத்தி சொல்லத்தான் போனேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடு என்பதை மட்டும் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் அவன் அம்மா சொல்வது முழுக்க நியாயம்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை துணிக்கடையிலோ, மளிகைக் கடையிலோ, எண்ணெய் நிலையத்திலோ நிற்கலாம். அல்லது நீங்களே நிற்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன். நிறையப் படிக்க வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைத்துப் பதினைந்து நிமிடம் படித்தால் போதும். முதலில் சிறுகதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓய்வு வேளையில் ஒரு கதை முடிந்துவிடும். மு.வ.வின் நாவல்கள் எளிய நடையில் இருக்கும். அவருடைய திருக்குறள் தெளிவுரை சட்டைப்பையில் அடங்கும் அளவிலேயே கிடைக்கிறது. நாளுக்கு ஒரு குறள் படித்துவிட்டு, அன்றைய வியாபாரத்தில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். பணம் இல்லையென்றால் பட்டணத்துப் பொது நூலகத்தில் கேளுங்கள். தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று. படித்ததை வீட்டில் சொல்லுங்கள். அந்தப் பையன் செய்த ஒரே தவறு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் உட்கார்ந்து படித்ததுதான். விளக்கு எரிவது மட்டும் தெரிந்தால் தாய்க்குப் பயம் வரத்தானே செய்யும்? அதனால் அவனிடம், "உங்க அம்மாவுக்கு ஒரு கதையை வாய்விட்டுப் படிச்சுக் காட்டு" என்று சொல்லி, என்னிடமிருந்த அழகிரிசாமி தொகுப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட நேரம். வாசல் கேட்டருகே அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்ன புகாரோ என்று நினைத்தேன்.

"வாத்தியாரையா, ராஜா கதையைப் படிச்சுக் காட்டினான். எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த அநாதைப் புள்ளை அப்புறம் எங்கய்யா போனான்? தீபாவளி முடிஞ்சதும் தொரத்திட்டாங்களா, வச்சுக்கிட்டாங்களா? இவனைக் கேட்டா கதையில போடலைங்கறான்."

"போடவில்லைதான் அம்மா" என்றேன்.

"வச்சுக்கிட்டுத்தான் இருப்பா" என்றார் அவர். "துண்டைக் கட்டி விட்டவ, தொரத்த மாட்டா." சொல்லிவிட்டு, நாளைக்கு மகனுக்கு ஓய்வு நாள், இன்னொரு கதை படிப்பதாகச் சொல்லியிருக்கிறான் என்று வேகமாக வீட்டுப் பக்கம் நடந்தார்.